கரண்ட் வந்த வீட்டில் என்ன மாறுகிறது? கேள்விகளும் பதில்களும்

கிராமத்து வீடுகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டங்களில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால், இதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். லைன் இழுப்பதைவிட, இழுத்த பிறகு வீட்டுக்குள் என்ன ஆகிறது என்றுதான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் பிடித்த விஷயம்.

கேள்வி: சார், கரண்ட் வந்தால் குடும்ப வருமானம் கூடும் என்று எல்லாத் திட்ட அறிக்கையிலும் எழுதுகிறார்களே, நிஜமாகவே கூடுகிறதா?

கூடலாம். ஆனால் கம்பி வந்த ஒரே காரணத்தால் கூடாது.

மேற்கு கென்யாவில் 150 குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. சில பகுதிகளில் இணைப்புக் கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள், சிலவற்றில் பாதிக்கு மேல் குறைத்தார்கள், சிலவற்றில் முழுசாக இலவசம். இலவசமாகக் கொடுத்த இடத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பாதிக்கு மேல் குறைத்த இடத்தில்கூட நாலில் ஒரு வீடுதான் முன்வந்தது. அப்புறம் ஒன்றரை வருஷம் போல ஒரு தடவையும், இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆன பிறகு இன்னொரு தடவையும் போய்ப் பார்த்தால், இணைப்பு கிடைத்த வீட்டுக்கும் கிடைக்காத வீட்டுக்கும் வருமானத்திலோ படிப்பிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. காரணம் ரொம்பச் சாதாரணம்: இரண்டு பல்பு, ஒரு போன் சார்ஜர், இவ்வளவுதான் அந்த வீடுகளில் கரண்டுக்கு வேலை. தையல் மோட்டார் வாங்கவோ மாவு மெஷின் போடவோ கையில் காசு இல்லை, வாங்கினாலும் தைத்துக்கொள்ள வரும் ஆள் பக்கத்தில் இல்லை. இருக்கிற வருமானத்தோடு கரண்ட் சேர்ந்தால் அதைப் பெருக்கும், இல்லாத இடத்தில் பல்புதான் எரியும்.

கேள்வி: அப்படியானால் இவ்வளவு செலவு செய்து கம்பி இழுப்பது வீண் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. இந்த மாதிரி ஆய்வைப் படித்துவிட்டு 'கரண்ட் கொடுப்பதே தண்டம்' என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு, பெரும்பாலும் அதை எழுதுகிறவர் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார். ஒன்றரை வருஷத்தில் ஒரு குடும்பம் தலைகீழாக மாறாது. பிரேசிலில் 1960 முதல் 2000 வரை நாற்பது வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தவர்களுக்கு வேறு படம் கிடைத்தது: மின்சாரம் பரவிய வட்டாரங்களில் வீட்டு மதிப்பு, வருமானம், படிப்பு எல்லாமே நன்றாக ஏறியிருக்கிறது. குறுகிய காலத்தில் தெரிவது வெளிச்சமும் சௌகரியமும். வருமானம் மெதுவாகத்தான் வரும், அதுவும் ரோடு, சந்தை, கடன் வசதி எல்லாம் கூடவே வந்தால்.

கேள்வி: பணக்கார ஊருக்குத்தானே முதலில் கரண்ட் போகும்? அப்புறம் அந்த ஊர் முன்னேறினால் அது கரண்டால்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நல்ல கேள்வி, பழைய ஆய்வுகளில் பாதி இங்கேதான் சறுக்கின. லைன் எப்போதுமே ரோடு ஓரத்து ஊருக்கும், செல்வாக்கு உள்ள ஊருக்கும்தான் முதலில் போகும். அந்த ஊரையும் இருட்டில் கிடக்கிற ஊரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எல்லாப் புண்ணியமும் கரண்டுக்குப் போய்விடும். அதனால் இப்போது வேறு வழி பார்க்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நிலத்தின் சரிவை வைத்துக் கணக்குப் போட்டார்கள், சமதரையில் கம்பம் நடுவது மலிவு என்பதால் அங்கே லைன் முன்னதாகப் போயிருக்கும், சரிவுக்கும் ஊரின் பணத்துக்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. இந்தியாவில் 2005இல் தொடங்கிய ராஜீவ் காந்தி கிராம மின்மயத் திட்டத்தில் முதலில் 300 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புகளுக்குத்தான் இணைப்பு என்று ஒரு கோடு இருந்தது. 290 பேர் உள்ள ஊரும் 310 பேர் உள்ள ஊரும் மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதானே, அந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரவில் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் வெளிச்சம் கூடியது தெரிந்தது, ஆனால் அந்தச் சின்ன ஊர்களில் பொருளாதாரம் பெரிதாக நகரவில்லை. பெரிய ஊர்களில் பலன் நன்றாகவே இருந்தது.

கேள்வி: அண்ணா, பெண்களுக்கு உண்மையில் வேலை குறைகிறதா? வீட்டில் எந்த மெஷினும் வாங்காமல் பல்பு மட்டும் மாட்டினால் ராத்திரியிலும் வேலை செய்யச் சொல்வார்கள் போலிருக்கிறதே!

நீங்கள் கிண்டலாகக் கேட்டாலும் விஷயம் அதேதான். வெளிச்சம் மட்டும் வந்த வீட்டில் பகலில் முடியாத வேலை ராத்திரி எட்டு மணிக்கு நகர்கிறது, அவ்வளவுதான். நேரம் மிச்சமாவது எங்கே என்றால் தண்ணீர் தூக்குவது, அரைப்பது, விறகு பொறுக்குவது என்ற மூன்றில் ஏதாவது ஒன்றை மின்சாரம் எடுத்துக்கொள்ளும் இடத்தில். மேலே சொன்ன தென்னாப்பிரிக்க ஆய்வு அதைத்தான் காட்டியது. அங்கே குவாசுலு-நட்டால் பகுதியில் இணைப்பு கிடைத்த ஊர்களில், ஐந்து வருஷத்துக்குள் வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் 9 சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியது, ஆண்களிடம் அப்படி உறுதியான மாற்றம் எதுவும் தெரியவில்லை. முக்கியமான காரணம், அந்த வீடுகளில் விறகை விட்டுவிட்டு மின் அடுப்புக்கு மாறினார்கள். விறகுக்காக நடந்த நேரம் கைக்குத் திரும்பி வந்தது. அடுப்பு மாறாத நாடுகளில் இந்த அளவு பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஊருக்குள் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அது எந்த வீட்டு மீட்டரிலும் ஓடாது, எந்த வீட்டுக் கணக்கெடுப்பிலும் சரியாகப் பதிவாகாது. திட்டம் போடுகிறவர்கள் வீட்டு இணைப்பு எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பதில் விடுபட்டுப்போகும் முக்கியமான விஷயம் இது என்பேன்.

கேள்வி: கரண்ட் வந்த பிறகும் ஏன் விறகு அடுப்பிலேயே சமைக்கிறார்கள்?

மின் அடுப்பு 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். 9 வாட் எல்இடி பல்புக்காகப் போட்ட கம்பியும் டிரான்ஸ்பார்மரும், ஊரே ஒரே நேரத்தில் சமைக்க ஆரம்பித்தால் தாங்காது. யூனிட் கணக்கும் பயமுறுத்தும், விறகு பொறுக்கிக்கொண்டு வந்தால் காசு இல்லையே. உலகத்தில் இன்னும் சுமார் 210 கோடிப் பேர் புகை கக்கும் அடுப்பில்தான் சமைக்கிறார்கள், அதில் பெரும்பாலானோர் வீட்டில் ஏற்கெனவே மின் இணைப்பு இருக்கிறது. மின்சாரம் இல்லாதவர்கள் எண்ணிக்கை 2023 கணக்கில் சுமார் 66 கோடி, அதில் நூற்றுக்கு 85 பேர் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இடைவெளி எவ்வளவு பெரியது என்று புரியும்.

கேள்வி: மண்ணெண்ணெய் விளக்கை விட்டால் உடம்புக்கு அவ்வளவு நல்லதா? அடுப்புப் புகைதானே பெரிய எதிரி?

அடுப்புதான் பெரிய எதிரி, அதில் சந்தேகமே வேண்டாம். வீட்டுக்குள் புகையால் 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் விளக்கையும் லேசாக நினைக்காதீர்கள். கண்ணாடி இல்லாத சாதாரணத் திரி விளக்கில் ஊற்றும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் வரை அப்படியே கரியாக, நுண்துகளாக வெளியே வருகிறது. ராத்திரி முழுக்க சின்ன அறையில் குழந்தை மூச்சுக்குப் பக்கத்தில் அது எரிந்துகொண்டிருக்கும். எல் சால்வடாரில் வீட்டு இணைப்புக்குத் தள்ளுபடி கொடுத்து நடத்திய சோதனையில், ராத்திரியில் வீட்டுக்குள் இருந்த நுண்துகள் அளவு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் மூச்சுத்தொற்றும் நன்றாகக் குறைந்தது. தீக்காயம், தெரியாமல் மண்ணெண்ணெயைக் குடித்துவிடும் சின்னப்பிள்ளைகள், இதெல்லாம் தனிக் கணக்கு. என்னைக் கேட்டால் வீட்டு மின்சாரத்தின் முதல் பலன் இதுதான், வருமானம் அல்ல.

கேள்வி: பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா?

படிக்கிற நேரம் கொஞ்சம் கூடுகிறது, மார்க் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. வாத்தியார் வராத பள்ளிக்கூடத்துக்குப் பல்பு மாற்று ஆகாது. அப்புறம் டிவியும் அதே பிளக்கில்தான் ஓடுகிறது!

கேள்வி: கரண்ட் வந்தால் பிள்ளை பெறுவது குறையும் என்பது சும்மா கிண்டலா, ஆராய்ச்சி ஏதாவது உண்டா?

உண்டு, நீங்கள் சிரித்தாலும். 2008இல் சான்சிபார் தீவுக்குப் போகும் கடலடி மின் கம்பித் தொடர்பு செத்து, ஒரு மாதம் போல முழுத் தீவும் இருட்டில் இருந்தது. எட்டு முதல் பத்து மாதம் கழித்துப் பிரசவங்கள் கூடின. ஆனால் இது ஒரு மாதத்து விஷயம். நீண்ட காலத்தில் டிவிதான் அதிகம் வேலை செய்கிறது. 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உள்பட இந்தியாவின் சில பகுதிகளில் கேபிள் டிவி புதிதாக வந்த கிராமங்களைப் பார்த்தார்கள். புருஷன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்தது, பிறப்பும் குறைந்தது. சீரியலைத் திட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கேள்வி: எல்லா கிராமத்துக்கும் கரண்ட் வந்தாச்சு என்று இந்தியாவில் அறிவித்தார்களே, அப்புறமும் ஏன் இருட்டு வீடுகள் இருந்தன?

2018 ஏப்ரல் 28இல் மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு அந்தப் பட்டியல் முடிந்தது. அதில் பொய் இல்லை, அளவுகோல்தான் சின்னது. பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம் மாதிரிப் பொது இடங்களிலும் நூற்றுக்குப் பத்து வீடுகளிலும் இணைப்பு இருந்தால் அந்த ஊர் மின்மயமான ஊர். 1997க்கு முன்னால் இன்னும் மோசம், ஊர் எல்லைக்குள் எதற்காவது கரண்ட் பயன்பட்டாலே போதும், ஒரு பம்பு செட் ஓடினால்கூடக் கணக்கு முடிந்தது. மிச்ச வீடுகளுக்காகத்தான் 2017இல் சௌபாக்யா திட்டம் வந்தது. உலக வங்கிக்காரர்கள் இப்போது ஐந்து படி வைத்து அளக்கிறார்கள், முதல் படி ஒரு நாளைக்கு 4 மணி நேரம், ஐந்தாம் படி 23 மணி நேரம். இணைப்பு உண்டா இல்லையா என்று மட்டும் கேட்பதைவிட இது எவ்வளவோ தேவலை.

கேள்வி: மாலை ஆனாலே டிவி ஆடுது, மிக்சி முனகுது. கரண்ட் இருக்கு, ஆனா இல்லை மாதிரி. ஏன்?

டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் வீடு தூரமாக இருக்கும், இடையில் கம்பி மெலிசாக இருக்கும். மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் போடும்போது கம்பியில் மின்னோட்டம் கூடும், கூடக்கூட வழியிலேயே வோல்டேஜ் இறங்கும். கடைசி வீட்டுக்குத்தான் பெரிய அடி. மோட்டாரை அந்த நேரத்தில் போடாதீர்கள், வோல்டேஜ் குறைந்தால் அது அதிக மின்னோட்டம் இழுத்து உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். ஊரே சேர்ந்து மனு கொடுத்து, பக்கத்தில் இன்னொரு சின்ன டிரான்ஸ்பார்மர் கேளுங்கள், ஸ்டெபிலைசர் ஆளுக்கொன்று வாங்குவதைவிட அதுதான் தீர்வு.

கேள்வி: கம்பி வருவதற்காகக் காத்திருக்காமல் சோலார் போட்டால் போதாதா அண்ணா?

விளக்கு, போன், சின்ன ஃபேன், இவற்றுக்குத் தாராளமாகப் போதும். பங்களாதேஷில் 2003இல் தொடங்கிய திட்டத்தில் 40 லட்சத்துக்கும் மேல் வீடுகளில் தவணை முறையில் போட்டார்கள், உலகத்திலேயே மிகப் பெரிய முயற்சிகளில் அது ஒன்று. கம்பி பின்னால் வந்து சேர்ந்ததும் நிறையப் பேர் அதற்கே மாறிவிட்டார்கள், ஏனென்றால் பிரிட்ஜும் அயர்ன் பாக்ஸும் அந்தப் பேனலில் ஓடாது. பேட்டரியை மறக்காதீர்கள், சாதாரண லெட் ஆசிட் பேட்டரி மூன்று முதல் ஐந்து வருஷத்தில் போய்விடும், அதை மாற்றும் செலவை முதலிலேயே யாரும் சொல்ல மாட்டார்கள். கம்பி வர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்றால் போடுங்கள், அடுத்த வருஷம் வரும் என்றால் ஒரு சோலார் லாந்தர் மட்டும் வாங்கிச் சமாளியுங்கள்.

கேள்வி: புதிதாக இணைப்பு வாங்கப் போகிறோம். வேறு எதையும் வாங்கும் முன் முதலில் எதற்குச் செலவு செய்யலாம்?

அமெரிக்காவில் 1935இல் பத்துப் பண்ணைவீட்டில் ஒன்றில்தான் கரண்ட் இருந்தது. அரசு கடன் கொடுத்து விவசாயிகள் கூட்டுறவு அமைத்து லைன் இழுத்தபோது, அவர்கள் முதலில் வாங்கியது ரேடியோவும் அயர்ன் பாக்ஸும். ஆசையில் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் அதற்கு முன்னால் எர்த் கம்பியும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள். புதிதாக கரண்ட் வந்த வீடுகளில் ஈரக்கையோடு சுவிட்ச் தொடுவதும், பிளக் இல்லாமல் வெறுங்கம்பியைச் சொருகுவதும் சகஜம், பழக்கம் வர நாளாகும். ஃப்யூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றிவிடும் ஆளை வீட்டுப் பக்கமே விடாதீர்கள்.