வக்கீலக்காவைக் கேளுங்க: பால் புத்தகத்தின் பின்பக்கம்

கேள்வி: வக்கீலக்காவுக்கு வணக்கமுங்க. எனக்கு நாப்பத்திமூணு வயசு. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துல தோட்டத்துல குடியிருக்கிறோம். ரெண்டு கறவை மாடு வெச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு இருந்தேன். தீட்டு நிக்காமப் போகவே ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பையில கட்டி, எடுத்தே ஆகோணும்னு பொள்ளாச்சியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சொல்லி, எடுத்தாங்க. 68,000 ரூபா ஆச்சு. ஃபாரத்துல எங்க வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போட்டார். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். பத்தாம் நாள்ல இருந்து எனக்குத் தெரியாமயே நீர் சொட்ட ஆரம்பிச்சுது. படுத்தா பாய் நனையுது. மூணு தடவை போய்க் காட்டினேன். "புண்ணு ஆறுற தண்ணி, தானா நிக்கும்"னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. அஞ்சு வாரம் கழிச்சு கோயமுத்தூர்ல வேற டாக்டர்கிட்டக் காட்டினதுக்கு அப்புறம்தான், கிட்னியில இருந்து வர்ற குழாய்ல ஓட்டைன்னு தெரிஞ்சுது. மறுபடியும் ஆபரேஷன், 1,85,000. மாடு ரெண்டையும் வித்தாச்சு.

இப்ப பொள்ளாச்சிக்காரங்க ஆள் அனுப்பி, 40,000 தர்றோம், ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடுங்கன்னு கேக்கறாங்க. "பெரிய இடத்தோட மல்லுக்கு நிக்க முடியுமா, அதுவும் ஸ்டேட் விட்டு ஸ்டேட்டு"ங்கறார் எங்க வீட்டுக்காரர். முதல் ஆபரேஷன் நடந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. எங்ககிட்ட பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும்தான் இருக்குது. அப்புறம் எம்பொண்ணு பால் புஸ்தகத்துப் பின்பக்கத்துல, நான் தினம் எத்தனை துணி மாத்தினேன்னு எழுதி வெச்சிருக்கறா. அது எதுக்கும் ஆகாதுங்களே? பேர் போட வேண்டாமுங்க.

பதில்: அம்மிணி, கூச்சப்பட்டுக் கடைசியில் சொன்னீங்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தோடு அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸையும் வைத்திருந்தீங்க. முன்பக்கம் காலை இத்தனை லிட்டர், மாலை இத்தனை லிட்டர் என்று சொசைட்டிக்காரர் எழுத்து. பின்பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்து: "புதன் 5 துணி. வியாழன் 7. அம்மா டாக்டர்கிட்ட போனா. வெறும் தண்ணின்னு சொன்னாங்க. வெள்ளி 8." உங்க வழக்கின் முதுகெலும்பே அதுதான். மூலப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்க. இப்போது அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவோ சேர்க்கவோ கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரி தரப்பு என்ன சொல்லும் என்று எனக்கு இப்போதே தெரியும்: "கர்ப்பப்பை எடுக்கும்போது இந்தக் குழாய் காயப்படுவது எங்கும் நடக்கக்கூடியது, நல்ல டாக்டர் கையிலும் நடக்கும்." அதில் உண்மை இருக்கிறது. அந்தக் குழாய் கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்க்கு அடியிலேயே, கழுத்துப் பகுதியிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் போகிறது. காயம் பட்டது என்பதை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் தோற்கக்கூட வாய்ப்புண்டு. சட்டம் கேட்பது, சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்பதை. கர்ப்பப்பை எடுத்த பொம்பளை பத்தாம் நாள் வந்து, தெரியாமலே நீர் சொட்டுகிறது என்றால் முதல் சந்தேகமே சிறுநீராக இருக்குமோ என்பதுதான். சொட்டும் நீரைப் பிடித்து, சிறுநீரில் அதிகமாக இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு பார்த்திருந்தாலே விடை வந்திருக்கும். மூணு தடவை போயும் யாரும் அதைச் செய்யவில்லை. உங்க வழக்கு ஆபரேஷன் தியேட்டரில் இல்லை, அந்த அஞ்சு வாரத்தில் இருக்கிறது. அதற்கு நாள்வாரியாகச் சாட்சி உங்க பொண்ணின் கையெழுத்து.

அடுத்த வேலை கேஸ் ஷீட். டிஸ்சார்ஜ் சம்மரி என்பது ஆஸ்பத்திரி தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட நற்சான்று. உங்களுடையதிலும் எல்லாம் சுகமாகப் போனதாகத்தான் இருக்கும். நமக்கு வேண்டியது முழு ஃபைல்: ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸுகள் எழுதும் சார்ட், சம்மதப் படிவம், மூணு தடவை போனதற்கான ஓ.பி. பதிவு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறையே சொல்கிறது. அதே விதி, ஃபைலை மூணு வருஷம் வைத்திருந்தால் போதும் என்றும் சொல்கிறது. ஆகவே நாளைக்கே எழுத்தில் கேளுங்க. நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்க. வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்க. ஃபைலைத் தராமல் இழுத்தடித்தால், அதையே அவர்களுக்கு எதிராக நுகர்வோர் கமிஷனில் சொல்லலாம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலும் இதேபோல் வாங்கிக்கொள்ளுங்க. டாக்டருக்கு எதிராக டாக்டர் சாட்சி சொல்ல வரமாட்டார் என்று ஊரெல்லாம் பேசுவது பெரும்பாலும் சரிதான். ஆனால் உங்களைத் திறந்து சரிசெய்தவர், எங்கே ஓட்டை, எவ்வளவு பெரிது என்று தன் ஆபரேஷன் குறிப்பில் எழுதியே தீரவேண்டும். அது சாட்சிக் கூண்டு ஏறாத சாட்சி. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

சம்மதப் படிவத்தில் உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டதை நீங்க போகிற போக்கில் எழுதியிருக்கீங்க. எனக்கு அங்கே பேனா நின்றது. நினைவோடு இருக்கிற, வயது வந்த பொம்பளையின் உடம்புக்கு அவள்தான் சம்மதம் சொல்லவேண்டும். 2008-இல் சமிரா கோலி வழக்கில், அம்மா கொடுத்த சம்மதம்கூட மகளுக்குச் செல்லாது என்று தீர்ப்பானது. புருஷன் கையெழுத்து மட்டும் போதும் என்று நம் ஊர்ப்பக்கம் இன்னும் நடக்கிறது. படிவம் கைக்கு வந்ததும் இதைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

"ஸ்டேட் விட்டு ஸ்டேட்டு" என்ற கவலையை வீட்டுக்காரர் இறக்கி வைக்கலாம். பழைய சட்டப்படி, எதிராளி இருக்கும் இடத்துக்கோ சம்பவம் நடந்த இடத்துக்கோதான் போகவேண்டும். உங்களுக்கு அது கோயமுத்தூர். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதாவது பாலக்காடு மாவட்ட கமிஷனில் போடலாம், பொள்ளாச்சிக்காரர்கள் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி இங்கே வரட்டும். எல்லையோரம் வாழ்கிறவர்களுக்கு இதைவிட உபயோகமான பிரிவு அந்தச் சட்டத்தில் வேறில்லை என்பேன். ரேஷன் கார்டு, ஆதார் இரண்டிலும் கொழிஞ்சாம்பாறை விலாசம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்க.

காலக்கெடு இரண்டு வருஷம். ஒன்றரை போய்விட்டது. குழாயில் ஓட்டை என்று தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமிருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்காராதீங்க. முதல் ஆபரேஷன் தேதியிலிருந்தே எண்ணுங்க.

செலவு? சிகிச்சைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட கமிஷனில் மனுக் கட்டணமே கிடையாது. கொடுத்த பணத்தைத்தான் பார்ப்பார்கள், கேட்கும் நஷ்டஈட்டை அல்ல. வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால், பெண் என்ற ஒரே காரணத்துக்காக இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்று கேட்கக்கூடாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அது. நம்ம பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் தாலுக்கா சட்டப்பணிக் குழுவில் கேளுங்க, இல்லையென்றால் 15100-க்கு போன் போடுங்க. இங்கே சத்தியவாங்மூலம் (பிரமாணப் பத்திரம்) மலையாளத்திலோ இங்கிலீஷிலோதான் டைப் ஆகிவரும். வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்து. எங்கள் வக்கீல்களுக்கு இதில் பொறுமை குறைவு, சொல்லிவிட்டேன்.

கணக்குப் போடும்போது ஆஸ்பத்திரி பில்லோடு நிற்காதீங்க. ஆபரேஷனுக்கு முந்தின ஆறு மாசம் நீங்க ஊத்திய பால், அதற்குப் பிந்தைய ஆறு மாசத்தின் வெற்றிடம், இரண்டுக்கும் சொசைட்டி செயலாளரிடம் சீல் வைத்த சான்று வாங்குங்க. மாடு வாங்கிய வியாபாரி எழுதிக்கொடுத்த சீட்டு இருந்தால் அதையும் சேருங்க. பட்ட வேதனைக்குத் தனியாகக் கேட்கவேண்டும். அஞ்சு வாரம் பாய் நனைந்ததற்கு என்ன விலை என்று நான் எப்படிச் சொல்ல?

போலீஸுக்குப் போகலாமா என்று நீங்க கேட்கவில்லை, யாராவது தூண்டிவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன். கிரிமினல் வழக்குக்கு மிக மோசமான அசட்டை வேண்டும் என்றும், வேறொரு டாக்டரின் கருத்தைப் பெறாமல் டாக்டர் மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது என்றும் 2005-இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வந்தது. உங்க விஷயத்தில் அது வீண் அலைச்சல். சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். டாக்டர் பெயரைப் பதிவேட்டிலிருந்து கொஞ்ச காலம் நீக்கக்கூட அவர்களால் முடியும், ஆனால் உங்களுக்குப் பைசா வராது.

அந்த 40,000. எனக்குப் பதிமூணு வயசில், ஒரு கிளினிக்கில் இடுப்பில் போட்ட ஊசி நரம்பில் பட்டு எங்கம்மாவுக்குப் பாதம் தொங்கிப் போனது. அப்பா 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, மேலே ஒன்றும் எழுதாத வெள்ளைப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேலே அவர்கள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. அம்மா செருப்பை நூல் போட்டுக் கணுக்காலோடு கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம் நடந்தாள். அன்றைக்கு டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்களா என்பதே முடிவாகவில்லை, உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்தது 1995-இல், சாந்தா வழக்கில். உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. சமரசமே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆள் அனுப்பிப் பேசுகிறவர்களிடம், "எழுதித் தாங்க, வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்க வீட்டுக்காரரை.

வருஷக் கணக்கில் இழுக்கும், அதை மறைக்கமாட்டேன். நோட்டீஸ் கிடைத்து 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில், அவர்கள் பதில் போடவேண்டும். அதன் பிறகுதான் வாய்தா வாய்தா என்று போகும். நீங்க ஜெயித்து, அவர்கள் அப்பீல் போனால், தீர்ப்பான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போகமுடியும்.

கேள்வி: எங்கம்மாவுக்குக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில போட்ட ஊசியால கை சீழ் வெச்சு, ரெண்டு விரல் மடங்காமப் போச்சு. ஓ.பி. சீட்டுக்குக் காசு கொடுத்தோமே, அதை வெச்சு நுகர்வோர் கமிஷனுக்குப் போலாமா? - வேலந்தாவளம் வாசகர்

பதில்: சீட்டுக் காசு செல்லாது தம்பி. எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பதிவுக்கென்று வாங்கும் சில்லறை அதை மாற்றாது என்று அதே 1995 தீர்ப்பு சொல்கிறது. சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கிற இடம் என்றால் கதை வேறு, அங்கே இலவச நோயாளியும் நுகர்வோர்தான். அது எந்த வகை என்று முதலில் விசாரியுங்க.

நுகர்வோர் வழி அடைத்தால் சிவில் கோர்ட் இருக்கிறது. அவுரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் 1963-இல் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணியை விட்டுவிட்டார்கள், அவர் இறந்துபோனார். அரசுதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. முப்பத்திமூணு வருஷம். ஆகவே உட்கார்ந்து யோசிக்காமல், இந்த வாரமே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அம்மாவின் கேஸ் ஷீட்டைக் கேட்டு மனுப் போடுங்க. மனுவில் அம்மாவே கையெழுத்துப் போடட்டும், விரல் மடங்காவிட்டால் கைநாட்டு வைக்கட்டும்.