பயிர் நிற்கும்போது பயிற்சி வையுங்கள்

கேள்வி: ஐயா, காட்பாடி அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். நான் படித்தது இயற்பியல். அறிவியல் பாடத்தில் வேளாண்மையைச் சேர்த்து நடத்துவதற்காகப் போன மே மாதம் ஒரு பயிற்சி வைத்தார்கள். நாள் முழுக்கத் திரையில் படம்தான். என் வகுப்பில் பாதிப் பேர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் முன்னால் பேசவே தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை

பதில்: தயங்காதீர்கள், டீச்சர். அந்தப் பயிற்சி வைத்த மாதமே தப்பு. மே மாதம் நம் பக்கத்து மானாவாரி நிலம் கரம்பாகக் கிடக்கும். எந்தச் செடியைத் தோண்டிக் காட்டுவார்கள்?

அணைக்கட்டுப் பக்கம் தாவரவியல் நடத்திய காலத்திலிருந்தே நான் கேட்டு வருவது ஒன்றுதான்: ஆசிரியர் பயிற்சியைப் பயிரின் வயதைப் பார்த்து வையுங்கள். ஆடிப்பட்டத்து மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, எடுத்துக்கொண்டால் மூன்று சனிக்கிழமை போதும்.

விதைத்து ஒரு மாதத்தில் முதல் சனிக்கிழமை. செடியைப் பிடுங்காமல் தோண்டி எடுங்கள், பிடுங்கினால் வேர் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரை அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிறத்தைத் தருவது லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரன். முடிச்சு பச்சையாகிவிட்டால் அதன் வேலை முடிந்தது. இதைத் தன் நகத்தால் கீறிப் பார்த்த ஆசிரியர் அப்புறம் கரும்பலகைப் படத்தோடு பாடத்தை நிறுத்த மாட்டார்.

அடுத்தது 40, 45 நாள் பயிரில். மண் அணைத்து, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடும் சமயம் அது. பூ மேலே பூக்கிறது, காய் கீழே காய்க்கிறது. கருவுற்ற பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போவதைப் பார்த்தால் புவிச்சார்பசைவுக்கு, அதாவது புவியீர்ப்பின் திசையை ஒட்டிச் செடி வளர்வதற்கு, வேறு உதாரணமே வேண்டாம். மண்ணுக்குள் போன காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைப் பெரும்பாலும் வேர் வழியாக வாங்குவதில்லை, சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்கிறது. கிடைக்காவிட்டால் பொக்குக் காய்தான். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட், ஆக வேதியியலும் வந்துவிட்டது.

மூன்றாவது, அறுவடையன்று. பொக்குக் காயை எண்ணிச் சதவீதம் போட்டால் கணக்கு டீச்சரும் சேர்ந்துகொள்வார்.

விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளில் யார் வீட்டிலாவது கடலை போட்டிருப்பார்கள். அந்தப் பெற்றோரையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். ஜிப்சம் எப்போது போடுவது என்று அவர் சொல்லட்டும், எதற்கு என்று நீங்கள் சொல்லுங்கள்.

கேள்வி: படிக்க அனுப்பினால், பள்ளித் தோட்டத்தில் என் மகனைக் களை எடுக்க வைக்கிறார்கள். இது சரியா?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: சரியில்லை, அம்மா. பிள்ளை கூலி வேலைக்குப் போகக்கூடாது என்றுதானே அனுப்புகிறீர்கள்? உங்கள் கோபம் நியாயமானது. களை எடுப்பது பாடமாக வேண்டுமென்றால் ஒரு பாத்தியில் எடுத்து, இன்னொன்றில் எடுக்காமல் விட்டு, இரண்டிலும் செடியின் உயரத்தை வாராவாரம் அளந்து எழுத வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் செய்ய வேண்டும், ஆசிரியரும் கூட நின்று செய்ய வேண்டும். மகனின் நோட்டை வாங்கிப் பாருங்கள். அதில் ஒரு வரியும் இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் கேளுங்கள், அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான்.