போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கை 'இஜெக்ட்' கொடுக்காமல் அப்படியே உருவினால் என்னதான் ஆகிவிடும்?

"நான் எப்போதும் உருவித்தான் எடுக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை" என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் பெரும்பாலும் அதில் படம் பார்க்கிறவராக இருப்பீர்கள். டிஸ்க்கிலிருந்து படிக்க மட்டும் செய்தால் ஃபைல் கெடுவது அபூர்வம்தான். என் பிழைப்பு வேறு. கல்யாண வீடியோ எடிட்டிங். யார் வீட்டுத் தாலி கட்டோ என் மேஜையில் டிஸ்க் டிஸ்க்காகக் கிடக்கிறது.

"எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள், விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலேயே, 2018-இல், 'குயிக் ரிமூவல்' டிஃபால்ட் ஆகிவிட்டதே" என்று கமெண்டில் ஒருவர் கட்டாயம் வருவார். தெரியும் சாமி. எழுத வேண்டியதை மெமரியில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் டிஸ்க்குக்கு அனுப்பும், அவ்வளவுதான் அதன் பொருள். பாதி காப்பியில் பிடுங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதுவும், டிவைஸ் மேனேஜரில் அந்த டிஸ்க்கின் ப்ராப்பர்ட்டீஸ் போய் 'பாலிசீஸ்' பக்கத்தைப் பாருங்கள். யாராவது 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றி வைத்திருந்தால் அந்தச் சலுகையும் இல்லை. எங்கள் தொழிலில் இன்னொரு தொல்லை: மேக்கிலும் விண்டோஸிலும் எழுத வேண்டும் என்பதற்காகப் பாதி டிஸ்க்குகள் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில்தான் வரும். விண்டோஸின் சொந்த ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ்ஸில் உள்ளது போன்ற ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏடு, அதில் கிடையாது. எழுதும்போது துண்டித்தால் ஃபோல்டரோடு போனாலும் போகும்.

ஒரு வைகாசி முகூர்த்த நெருக்கடியில் நடந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் டிஸ்க் வாங்க வந்து உட்கார்ந்திருந்தார். காப்பி முடிந்தது, எல்லா விண்டோவையும் மூடியாயிற்று, இஜெக்ட் கொடுத்தால் 'டிவைஸ் பயன்பாட்டில் இருக்கிறது' என்று அடம். டிஸ்க்கில் லைட் வேறு விட்டு விட்டுச் சிமிட்டுகிறது.

"தம்பி, சங்கரன்கோவில் பஸ்ஸு போயிரும்லா, சும்மா புடுங்கிக் குடுங்க" என்று கையே நீட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, கைய எடுங்க!"

கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்துவிட்டது. பெரியவரை அப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். அந்த ஒயர் அவர் கைக்குப் போயிருந்தால் மறுநாள் அவர் என்னை என்னவெல்லாம் சொல்லியிருப்பார் என்பதையும் யோசியுங்கள்.

விண்டோஸ் தனக்குள் நடப்பதைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். 'கெர்னல்-பிஎன்பி' என்ற பெயரில் 225 எண்ணுள்ள பதிவு ஒன்று இருக்கும். டிஸ்க்கை விடாமல் பிடித்திருப்பது எந்த ப்ரோக்ராம் என்று முழு விலாசத்தோடு அதில் எழுதியிருக்கும். பத்துக்கு ஒன்பது பேருக்கு இது தெரியாது, ஹப்பை மாற்றுவார்கள், ஆன்ட்டி வைரஸைத் திட்டுவார்கள். அன்றைக்குப் பிடித்திருந்தது எடிட்டிங் சாஃப்ட்வேரின் துணை ப்ரோக்ராம். மெயின் விண்டோ மூடிய பிறகும் பின்னால் இருந்துகொண்டு அதே டிஸ்க்கில் கேஷ் என்கிற தற்காலிக ஃபைல்களை எழுதிக்கொண்டிருந்தது. போனால் மறுபடி உருவாகும் சரக்குதான் என்பதால் டாஸ்க் மேனேஜரில் முடித்துவிட்டேன். இஜெக்ட் ஆயிற்று.

அப்போதும் உடனே கொடுக்கவில்லை. உள்ளங்கையை டிஸ்க் மேல் வைத்தால் சன்னமாக ஓர் அதிர்வு தெரியும். அது அடங்கும் வரை வைத்திருந்தேன். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது, படித்து எழுதுகிற ஹெட் அதன்மேல் நானோமீட்டர் கணக்கில் உயரத்தில் மிதக்கிறது. கரண்ட் திடீரென்று போனால் சுற்றும் தட்டின் மிச்ச வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டை ஓரத்துக்கு இழுத்துக்கொள்ள ஏற்பாடு உண்டு. ஆனால் அது ஆபத்துக்கு வைத்தது, தினமும் அதையே நம்பினால் தேய்மானம்தான். சில டிஸ்க் இஜெக்ட் கொடுத்ததும் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால் ஒயரை எடுத்துவிட்டு டிஸ்க்கை அசைக்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள்.

இவ்வளவுக்கும் அண்ணாச்சி தரவேண்டிய பாக்கிப் பணம் இன்னும் வந்த பாடில்லை. சாப்பாட்டுக்காரருக்கும் பந்தல்காரருக்கும் மண்டபத்திலேயே எண்ணிக் கொடுப்பார்கள். வீடியோக்காரனுக்கு மட்டும் "ஆல்பம் வரட்டும் பாப்போம்". ரா ஃபைல் எல்லாம் வேண்டும் என்று கொண்டுவரும் டிஸ்க்கில் பாதிக்கு மேல் சினிமாப் படம், அதை அழிக்கவும் கூடாதாம்.

மாட்டும்போது ஒன்றே ஒன்று. கேபினட்டின் முன்பக்கப் போர்ட்டை நம்பாதீர்கள். யுஎஸ்பி 2.0 தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில்தான் இழுப்பு அதிகம். பின்பக்க நீலப் போர்ட்டில், அதாவது 3.0-இல், டிஸ்க்கோடு வந்த குட்டை ஒயரிலேயே மாட்டுங்கள். அதிலும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் பிழை திருத்தும் செக் டிஸ்க் ப்ரோக்ராமை ஓட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம், முதலில் டேட்டாவை வெளியே எடுக்கிற வழியைப் பாருங்கள்.

தட்டே இல்லாத எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்குச் சுழல்கிற கவலை இல்லை, எழுதுகிற கவலை அப்படியேதான் இருக்கிறது. எதற்கும் மசியாத டிஸ்க் என்றால் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டு எடுங்கள். லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டு எடுத்தால் அது ஷட்டவுன் இல்லை.