இசைத்துறையில் இருந்தவர் ஜெர்மன் அரசியலில் தாக்குப்பிடிக்க முடியுமா? ஜோ சியாலோ ஏன் விலகினார்?

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் இங்கே ஜெர்மனியில் ஏதோ ஒரு இசைக்குழுவில் வாசித்துக்கொண்டு, கட்சியில் சேரலாமா என்று யோசிப்பவர் போலத் தெரிகிறது. அப்படி நினைத்தே எழுதுகிறேன்.

சியாலோ 1970-இல் பான் நகரில், தான்சானியத் தூதரக அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். சிஎன்சி மில்லிங் (கணினி இயக்கும் எந்திரத்தில் உலோகம் செதுக்கும்) வேலை பழகினார், ப்ளூ மேனர் ஹேஸ் என்ற இசைக்குழுவில் பாடினார், அப்புறம் யுனிவர்சல் இசை நிறுவனத்தோடு சேர்ந்து ஏர்ஃபோர்ஸ்1 என்ற லேபிளை, அதாவது பாடகர்களை ஒப்பந்தம் செய்து ஆல்பம் வெளியிடும் நிறுவனத்தை, நடத்தினார். 2016-இல் சிடியு என்ற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 2021-இல் நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றார். 2023 ஏப்ரலில் பெர்லின் மாநிலக் கலாச்சார அமைச்சரானவர் 2025 மே மாதம் பதவி விலகினார். உடனே 'பாட்டுக்காரனுக்கு நிர்வாகம் தெரியுமா' என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

நான் பெர்லினில் ஒரு சின்ன நாடக அரங்கில் சவுண்ட் பார்க்கிறேன். 2024 இலையுதிர் காலத்தில், அடுத்த ஆண்டுக் கலாச்சார நிதியில் ஏறக்குறைய 13 கோடி யூரோ வெட்டு என்று செய்தி வந்தபோது ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. லைட் பார்க்கும் பெண் ஏணியில் நின்றபடியே போனில் அதை வாசித்துக் காட்டினார். யாரும் எதுவும் பேசவில்லை, மைக்கெல்லாம் ஆனில் இருந்ததால் ஸ்பீக்கரில் எங்கள் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. வசந்த காலத்துக்குப் பேசி வைத்திருந்த குழந்தைகள் இசை நிகழ்ச்சி அந்த வாரமே ரத்தானது. எனக்கு மாதச் சம்பளம் கிடையாது, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நவம்பரில் பிராண்டன்பர்க் வாயில் முன்னால் நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு நானும் போனேன், சியாலோவுக்கு எதிராகக் கத்தினேன்.

ஆனாலும் சொல்கிறேன், அவர் இசைத்துறையிலிருந்து வந்தது இதற்குக் காரணமில்லை. லேபிள் நடத்துபவர் யாரை ஒப்பந்தம் செய்வது, எதில் பணம் போடுவது என்று தானே முடிவெடுக்கலாம். ஒரு ஆல்பம் கையைக் கடித்தால் இன்னொன்று ஈடுகட்டும். மாநில அரசில் எவ்வளவு வெட்டுவது என்பதைக் கூட்டணியும் நிதித்துறையும் பேசி முடித்துவிடும். மூன்று ஓப்பரா அரங்குகள், பெரிய நாடக அரங்குகள் எல்லாம் ஊதிய ஒப்பந்தத்தில் கட்டுண்டவை, சட்டென்று கைவைக்க முடியாது. கடைசியில் அடி எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கு.

நான் சிடியு ஆள் இல்லை, எனக்கு இங்கே ஓட்டே கிடையாது. 2024 ஜனவரியில் மானியம் வாங்குவோருக்கு யூத வெறுப்புக்கு எதிரான உறுதிமொழியை நிபந்தனையாக்கி, அதே மாதம் திரும்பப் பெற்றாரே, அது அவசரம். ஆனால் மேலும் வெட்டினால் பெயர்பெற்ற அரங்குகளே மூடப்படும் என்று சொல்லி நாற்காலியை விட்டாரே, அதை நான் மதிக்கிறேன்.

கிளவுடியா ரோத்தைப் பாருங்கள். டோன் ஷ்டைனெ ஷெர்பன் ராக் குழுவுக்கு மேனேஜராக இருந்தவர், 1985-இல் பசுமைக் கட்சிக்கு வந்தார், 2021-இல்தான் மத்திய அரசில் கலாச்சாரப் பொறுப்பு கிடைத்தது. சியாலோவுக்குக் கட்சியில் சேர்ந்து ஏழே வருடத்தில் பதவி. நிதிச் சண்டை வரும்போது கூட நிற்க ஆள் சேர்க்க அது போதாது என்பது என் கணிப்பு.

சரி, கலைக்குப் பணம் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நம்மவர்கள் நடத்தும் பொங்கல் விழாவுக்கும் அரங்கேற்றத்துக்கும் மண்டபத்துக்குக் காசு உண்டு, சாப்பாட்டுக்கு உண்டு, பொன்னாடைக்கும் உண்டு. சவுண்டுக்கு மட்டும் 'நம்ம பையன்தானே' என்று தோளில் தட்டிக் கொடுப்பார்கள். காலை எட்டு மணிக்கு ஸ்பீக்கர் இறக்கி, நள்ளிரவில் கேபிள் சுருட்டுகிறவனும் வீட்டு வாடகை கட்டித்தான் ஆக வேண்டும். விழாக் குழுவில் இருப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நீங்கள் இறங்குவதாக இருந்தால் முதலில் உங்கள் பகுதிக் கட்சிக் கிளைக்குப் போய் உட்காருங்கள், கலாச்சாரக் குழுவை விட பட்ஜெட் பேசுகிற கூட்டங்களுக்கு. மாநிலத் தேர்தலில் நிற்க ஜெர்மன் குடியுரிமை வேண்டும், அந்த விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள்.