ஒரே ஷூ, இரண்டு ஹீல்

கேள்வி: பகலில் அலுவலகம், மாலையில் வரவேற்பு. ஹீலைக் கழற்றி மாற்றும் ஒரே ஜோடி ஷூ போதுமா?

பதில்: போதும். ஆனால் வாங்கும் முன் அதை மேசைமேல் வைத்துப் பாருங்கள். 8 செ.மீ. ஹீலுக்காக வளைத்த அடிப்பாகத்தில் 4 செ.மீ. ஹீலை மாட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், உடம்பு பின்னால் சாயும். பாத வளைவின் கீழுள்ள தகடு உயரத்துக்கேற்ப வளைந்து கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வாங்கி, ஒரு மாலை முழுவதும் கெண்டைக்கால் வலியோடு நின்றிருக்கிறேன்.

எனக்கு வார் மாற்றும் செருப்புதான் அதிகம் பிடிக்கும். உயரம் மாறாது, கறுப்புத் தோல் வாரை உருவிவிட்டுச் சரிகை வாரைக் கோத்தால் வேறு செருப்பாகிவிடும். அழுத்துப் பொத்தான் வைத்தது மட்டும் வேண்டாம். தளர்ந்தால் நடக்கும்போதே கழன்றுவிடும்.