இருக்கிறதா என்றே தெரியாத துணிக்கையைத் தேடுவது எப்படி? – கேள்வி பதில்

திருகோணமலையில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளும் வேறு சிலரும் அனுப்பிய கேள்விகள். பரீட்சைக்கு வராத பகுதிதான், பரவாயில்லை.

உப்புவெளி மாணவர்: சேர், இருக்கா இல்லையா என்றே தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது?

துணிக்கையை இல்லை தம்பி, அது விட்டுப்போகிற சுவட்டைத் தேடுகிறார்கள். ஹிக்ஸ் என்ற துணிக்கையை எடுங்கள், புரோத்தன்கள் மோதும்போது பிறந்த கையோடு சிதைந்துவிடும். சிலவேளை இரண்டு போட்டன்களாக (ஒளித் துணிக்கைகளாக). அவற்றின் சக்தியையும் திசையையும் வைத்துத் தாய்த் துணிக்கையின் திணிவைக் கணக்கிட்டு வரைபில் போட்டுக்கொண்டே போனால், சீராக இறங்கும் வளைகோட்டில் 125 கிகா இலத்திரன்வோல்ற்றுக்கு (துணிக்கைகளின் திணிவைச் சொல்லும் அலகு) பக்கத்தில் ஒரு சின்ன மேடு. 2012 யூலை 4 அன்று ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள சேர்ன் ஆய்வுகூடம் காட்டிய முக்கியமான சான்றுகளில் அது ஒன்று.

கின்னியா வாசகர்: மேடு தெரிந்தால் கண்டுபிடித்தாச்சுத்தானே?

அவசரப்படாதீங்க. 2015 டிசம்பரில் சேர்னின் அட்லஸ், சிஎம்எஸ் என்ற உணர்கருவிகள் இரண்டிலுமே 750 கிகா இலத்திரன்வோல்ற்றில் ஒரு மேடு தெரிந்தது, அடுத்த சில மாதங்களில் அதை விளக்கி 500க்கு மேல் கட்டுரைகள் வந்து குவிந்தன (எனக்கு அது கொஞ்சம் கூத்தாகத்தான் பட்டது), 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேட்டைக் காணோம். யாரும் பொய் சொல்லவில்லை. அத்தனை இடங்களில் தேடினால் எங்கேயாவது ஒன்று தற்செயலாக ஏறத்தான் செய்யும். அதனால்தான் 5 சிக்மா கேட்கிறார்கள்: புதுத் துணிக்கை எதுவும் இல்லாமலே அப்படி ஒரு மேடு வர வாய்ப்பு 35 இலட்சத்தில் 1, கிட்டத்தட்ட நாணயம் சுண்டித் தொடர்ந்து 22 தடவை தலை விழுகிற மாதிரி.

மூதூர் மாணவி: கருப்புப் பொருள் உணர்கருவியில் படவே படாதே, சேர்?

படாது தங்கச்சி. ஆனால் உந்தக் காப்பு விதி இருக்கே. புரோத்தன்கள் நேருக்கு நேர் மோதுவதால் குறுக்குத் திசையில் மொத்த உந்தம் பூச்சியம். ஒரு பக்கம் துணிக்கைகள் பாய்ந்து மறுபக்கம் வெறுமையாக இருந்தால் ஏதோ தப்பிப் போயிருக்கிறது. நியூத்திரினோ என்ற துணிக்கையும் இப்படித்தான் உணர்கருவியில் படாமல் தப்பிப் போகும், அதைக் கழிப்பதுதான் பெரிய தலையிடி.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: ஒற்றைக் காந்த முனைவு என்னாச்சு?

வடமுனைவோ தென்முனைவோ ஒன்று மட்டும் தனியாக உள்ள துணிக்கைதானே, கிடைக்கவில்லை ஐயா. பௌதிகவியலாளர் டிராக் 1931இல் சொன்னது. 1982 பெப்ரவரி 14 அன்று ஸ்டான்போர்டில் அதைத் தேடிய கப்ரேராவின் கருவியில் ஒரேயொரு சைகை விழுந்தது, பிறகு வரவேயில்லை.

உப்புவெளி மாணவர் மறுபடியும்: நாங்களும் தேடலாமா?

தாராளமாக. சேர்ன் தன் தரவில் ஒரு பகுதியை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, கொஞ்சம் பைதன் நிரல்மொழி தெரிந்தால் போதும். முதலில் மியூவோன் (இலத்திரனைப் போன்ற, ஆனால் பாரமான துணிக்கை) சோடிகளின் திணிவை வரைந்து பாருங்கள், 91 கிகா இலத்திரன்வோல்ற்றுக்குப் பக்கத்தில் இசட் துணிக்கை எழும்பி நிற்கும். அது வராவிட்டால் பிழை உங்கள் நிரலில்தான்.