பட்டிக் காவலுக்குக் கங்கல் நாய் வாங்கலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் 60 செம்மறி ஆடுகள் வைத்திருக்கிறேன். போன மாதம் ராத்திரியில் தெருநாய்கள் படலைத் தாண்டி உள்ளே வந்து 7 ஆடுகளைக் கடித்துக் கொன்றுவிட்டன. ஒரு தரகர், "துருக்கி கங்கல் குட்டி, மூன்று மாதம், 80 ஆயிரம், ஓநாயையே விரட்டும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: ஓநாயை விரட்டும் என்பது உண்மைதான். கங்கல் என்பது துருக்கியில் சிவாஸ் மாகாணத்து ஊர். அந்த மேட்டுநிலத்தில் மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக ஆட்டுக் காவலுக்கு வளர்த்த நாய் இது. வளர்ந்த ஆண் நாய் தோள் வரை இரண்டரை அடி, சுமார் 50 கிலோ இருக்கும். ஆனால் விரட்டுவது வளர்ந்த நாய். அதற்கு ஒன்றரை, இரண்டு வயதாக வேண்டும். அதுவரை விளையாட்டுப் புத்திதான். விளையாட்டாகத் துரத்தியே நாலு குட்டியாட்டைக் கொன்றுவிடும். உங்கள் பட்டிக்கு ஆபத்து இந்த மாதம் வருகிறது.

இன்னொன்று, காவல் ரத்தத்தில் பாதி, வளர்ப்பில் பாதி. எட்டு வாரத்திலேயே குட்டியைப் பட்டிக்குள் விட்டு, ஆடுகளையே தன் கூட்டமாக நினைக்கப் பழக்க வேண்டும். தரகரின் குட்டி பெரும்பாலும் நகரத்துக் கூண்டில் மூன்று மாதம் இருந்திருக்கும். ஆட்டு வாசனையே அதற்குத் தெரிந்திருக்காது.

"நமீபியாவில் வெயிலிலும் வளர்க்கிறார்களே" என்று அடுத்து ஒரு வீடியோ காட்டுவார். சரி, அது நிஜம். சிவிங்கிப்புலிகளை (சீட்டா) காப்பாற்றும் ஓர் அமைப்பு அங்கே 1994 முதல் விவசாயிகளுக்குக் கங்கலையும், அதே மாதிரித் துருக்கிக் காவல் நாயான அனட்டோலியனையும் கொடுத்து வருகிறது. ஆடு பிழைத்தால் விவசாயி சிவிங்கிப்புலியைச் சுட மாட்டான், அதுதான் கணக்கு. ஆனால் அங்கே குட்டி பிறந்ததே ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில். கொடுத்த பிறகும் ஆட்கள் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். காற்று வறண்டது, இரவு குளிரும். நம் ஐப்பசிப் புழுக்கம் வேறு. உங்கள் தரகர் பணம் வாங்கிய மறுநாள் போனை எடுப்பாரா?

போன வருடம் ஒரு தோட்டத்தில் பார்த்தேன். பதினொரு மாதக் கங்கல், கேட்டருகே சங்கிலியில்; பட்டியோ பின்னால் நூறு அடி தள்ளி. முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. ஜன்னல் திண்டில் வரிசையாகக் கால்சியம் டானிக் பாட்டில்கள். விற்றவர் சொன்னாராம், "எலும்பு கெட்டியாகணும்" என்று. பெரிய இனக் குட்டிக்கு அதிகக் கால்சியம் எலும்பைக் கெடுக்கும். தயவுசெய்து கொடுக்காதீர்கள். வெயில் என்று முடியையும் மழிக்க வேண்டாம். நிழலும் தண்ணீரும் போதும். செத்த ஆட்டின் பச்சை ஈரல், மூளை போடாதீர்கள். நாய்க்கு நாடாப்புழு வந்து, அதிலிருந்து ஆடுகளுக்கே திரும்பும்.

அப்படியும் கங்கல் வாங்குவேன் என்றால் இரண்டு விஷயம் கேளுங்கள். "இம்போர்ட்" என்றால் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் தடையின்மைச் சான்று. பதிவுச் சான்று காட்டினால், அதிலுள்ள மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண் குட்டியின் உடம்பில் இருக்கிறதா என்று உங்கள் எதிரிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பல பேர் இங்கேயே மழுப்புவார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களுக்கு உரிமம் தரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது, அதில் கங்கலும் உண்டு. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. உரிமம் எப்படி என்று உள்ளாட்சியில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கவுன்டரில் வாயால் சொல்வது மேசைக்கு மேசை மாறும்.

தெருநாய்க் கருத்தடை உள்ளாட்சியின் வேலை என்று 2023 விதி சொல்கிறது. அது நடந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

அந்த 80 ஆயிரத்தில் படலுக்குப் பதில் ஆறடி கம்பி வலை போடுங்கள், அடியில் ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி. பிறகு ஊரிலேயே நல்ல தாய் நாய் ஈன்ற இரண்டு குட்டிகளை எட்டு வாரத்தில் எடுத்துப் பட்டிக்குள் விடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோய்க்கான ஊசியும் மறக்க வேண்டாம். சோறு பட்டிக்குள்ளேயே வையுங்கள், வீட்டுத் திண்ணையில் அல்ல.